பார்மசிக்கு 'பாஸ்' போதும்... அப்புறம்?

2023 மே 8. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த நாள். எங்க வீட்டுல மொத்த ஜனமும் என் செல்போனைச் சுத்தி நின்னுட்டு இருந்தது. என் நம்பரை அடிச்சுப் பார்த்தாச்சு. எதிர்பார்த்த மார்க்தான். ஸ்வீட் வாங்க தங்கச்சி கடைக்கு ஓடியாச்சு. அடுத்து மாமா பையனோட நம்பர். பாலக்கோடு பக்கத்துல ஒரு கிராமம், அரசுப் பள்ளி, என்னோட அதே செட். ரெண்டு பேருக்கும் வயசு வித்தியாசம் பதினேழே நாள். அதனால சின்ன வயசுல இருந்தே எங்களை ஒப்பிட்டுப் பேசறதுதான் எங்க குடும்பத்தோட தேசியப் பொழுதுபோக்கு!

தமிழ் 68, இங்கிலீஷ் 41, இயற்பியல் 39, வேதியியல் 43, உயிரியல் 55, கணக்கு 41. மொத்தம் 600-க்கு 287. சதவிகிதக் கணக்குல 48-ஐக்கூடத் தொடலை.

"பாஸ்தானே பண்ணியிருக்கான், அதுக்கு ஏன்டா எல்லாரும் எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"ன்னு கேட்டது எங்க பாட்டி மட்டும்தான். பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை பார்க்கிற மாமா போன்ல ரொம்ப நேரம் எதுவும் பேசலை. "சரி, ஞாயித்துக்கிழமை வரேன்"னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டார். 'இங்கேயே வந்துடு, கம்பி கட்டலாம்'னு அவர் சொல்லாம விட்டது எல்லாருக்குமே கேட்டது.

அவனுக்கு இருந்த ஒரே ஆசை, பார்மசி. லீவு நாள்ல ஊர் மெடிக்கல் ஷாப்புல அட்டைப்பெட்டி பிரிச்சு அடுக்கற வேலைக்குப் போவான். மாத்திரைப் பேரை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். ஆனா எது எந்த ரேக், எந்தத் தட்டுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவான். அப்படிப்பட்டவனுக்கு, 287-ஐ கையில வெச்சுக்கிட்டு 'நான் பார்மசி படிக்கணும்'னு வாய்விட்டுச் சொல்லவே கூச்சம்.

உங்க வீட்டுலேயும், இல்லைன்னா பக்கத்து வீட்டுலேயாவது இப்படி ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். ஏன், அது நீங்களாகவே இருக்கலாம்! நான் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். பார்மசியில் நிபுணன் எல்லாம் கிடையாது. ஆனா அந்தக் கோடையில் அவனுக்காக அலைஞ்சதிலும், அதுக்கப்புறம் அவன் பட்ட பாட்டைப் பக்கத்துல இருந்து பார்த்ததிலும் தெரிஞ்சுக்கிட்டது நிறைய. இதை எல்லாம் அன்னிக்கே யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

கதவு திறந்துதான் இருக்கு

முதல்ல நல்ல செய்தி. பார்மசி படிப்புக்கு விதிகளை வகுக்கறது இந்திய பார்மசி கவுன்சில். சுருக்கமா பி.சி.ஐ. அவங்க விதியில டி.ஃபார்ம், பி.ஃபார்ம் ரெண்டுக்குமே கேட்கறது ப்ளஸ் டூ பாஸ். இயற்பியல், வேதியியல் கட்டாயம். அதோட உயிரியல் அல்லது கணக்கு. அவ்வளவுதான்! '80 சதவிகிதம் வேணும், 90 வேணும்'னு எல்லாம் கிடையாது. கணக்கு குரூப் பசங்களும் போகலாம்ங்கறது பலருக்கு இன்னிக்கும் தெரியாத சமாச்சாரம். எங்க கிளாஸ்லயே பாதிப் பேர், பார்மசின்னா பயாலஜி குரூப் சொத்துன்னு நினைச்சுட்டு இருந்தோம். அதே மாதிரி, தமிழ்நாட்டுல பி.ஃபார்ம் சேர நீட் கிடையாது. ப்ளஸ் டூ மார்க்தான்.

படிப்பு மூணு வகை. டி.ஃபார்ம் ரெண்டு வருஷம். அது முடிஞ்சதும் மருத்துவமனையிலோ மருந்துக் கடையிலோ 500 மணி நேரப் பயிற்சி, அதுக்குக் குறைஞ்சது மூணு மாசம். பி.ஃபார்ம் நாலு வருஷம், எட்டு செமஸ்டர். மூணாவதா ஃபார்ம்.டி. இது ஆறு வருஷம், கடைசி வருஷம் முழுக்க இன்டர்ன்ஷிப். ஃபார்ம்.டி. நம்ம நாட்டுக்கு வந்ததே 2008-லதான். பேருக்கு முன்னாடி 'டாக்டர்' போட்டுக்கலாம்னு ஆசை காட்டறவங்க நிறைய. அந்த ஆசைக்காக மட்டும் ஆறு வருஷ ஃபீஸைக் கட்டாதீங்க பாஸ், அப்புறம் வருத்தப்படுவீங்க.

சரி, அப்போ ஏன் எல்லாரும் 'இந்த மார்க்குக்கு கிடைக்காது'ன்னு சொல்றாங்க? அவங்க சொல்றது அரசுக் கல்லூரியை. சென்னை மருத்துவக் கல்லூரி, மதுரை மருத்துவக் கல்லூரி மாதிரி இடங்கள்ல இருக்கற அரசு பி.ஃபார்ம் சீட் ரொம்பக் கம்மி. மருத்துவக் கல்வி இயக்ககத்தோட தேர்வுக் குழு, கீழ்ப்பாக்கத்துல இருந்து ரேங்க் லிஸ்ட் போட்டு, இட ஒதுக்கீட்டுப்படி கவுன்சலிங்ல பிரிச்சுக் கொடுக்கும். லிஸ்ட்டுல பார்க்கறது அறிவியல் பாட மார்க்கை. எங்க ஆளுக்கு அதிக மார்க் வந்த தமிழ் 68 அங்கே செல்லாது! பாவம், அவனுக்கு அதுல ரொம்ப வருத்தம். 287 மார்க்குக்கு அரசு பி.ஃபார்ம் சீட் எட்டாக்கனிதான், அதை மறைக்கறதுல அர்த்தம் இல்லை. இருந்தாலும் விண்ணப்பம் போடுங்க. அந்தக் குழுதான் தனியார் கல்லூரிகளோட அரசு ஒதுக்கீட்டு இடத்தையும் நிரப்புது. விண்ணப்பமே போடாம 'கிடைக்காது'ன்னு முடிவு கட்டினவங்க எங்க ஊர்ல நிறையப் பேர்.

மத்தபடி தனியார் கல்லூரிகள். தருமபுரி மாவட்டத்துக்குள்ளேயே பெரியனஹள்ளியில் பத்மாவதி பார்மசி கல்லூரி இருக்கு. தொப்பூர் கணவாயைத் தாண்டினா சேலம். அப்படியே குமாரபாளையம், திருச்செங்கோடுன்னு போனா வரிசையா பார்மசி கல்லூரிதான். 'இவ்வளவு சீட் எப்படி?'ன்னு கேட்டா அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. கல்லூரிகள் பெருகிக்கிட்டே போகுதுன்னு பி.சி.ஐ. 2019-ல ஒரு முடிவு எடுத்தது: அஞ்சு வருஷத்துக்குப் புதுக் கல்லூரிக்கு அனுமதி இல்லை. கல்லூரிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. டில்லி உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சுல அந்தத் தடையை ரத்து செஞ்சது. அதே வருஷம் செப்டம்பர்ல உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செஞ்சது. அணை திறந்த மாதிரிதான்! சீட் நிறைய இருக்கற இடத்துல, உங்க மார்க்கைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. அட்வான்ஸ் எவ்வளவுன்னுதான் கேட்பாங்க.

அந்த இடத்துலதான் நாங்க மாட்டப் பார்த்தோம்.

'காலேஜுக்கே வர வேண்டாம் தம்பி!'

ரிசல்ட் வந்த மூணாவது நாளே ஒரு போன். எங்க நம்பர் எப்படிக் கிடைச்சதோ, அது கடவுளுக்கே வெளிச்சம். தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு டீக்கடைக்கு வரச் சொன்னார். அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டை, கையில ஃபைல். "மார்க் பிரச்னையே இல்லை தம்பி. வேற ஸ்டேட்டு. டி.ஃபார்ம். காலேஜுக்கே வர வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும். அதையும் பார்த்துக்கலாம்"னு சிரிச்சார். அந்த 'அதையும் பார்த்துக்கலாம்'ல எனக்குக் கொஞ்சம் உறுத்துச்சு. மாமாவுக்கு உறுத்தலை. பையன் வீட்டுல இருந்துக்கிட்டே வேலைக்கும் போகலாம், சர்ட்டிஃபிகேட்டும் வரும்னா எந்த அப்பாவுக்குத்தான் ஆசை வராது? 10,000 ரூபாயை அங்கேயே எண்ணிக் கொடுத்துட்டார்.

ராத்திரி நானும் அவனும் உட்கார்ந்து பி.சி.ஐ. விதியைத் தேடிப் படிச்சோம். அதுல எங்க தூக்கத்தைக் கெடுத்தது மூணு விஷயம்.

டி.ஃபார்முக்கு தியரி, ப்ராக்டிகல் ரெண்டுலயும் 75 சதவிகித வருகை கட்டாயம். தபால்ல படிக்கிற டி.ஃபார்ம்ங்கறது சட்டத்துலேயே இல்லை. ஆக, 'வர வேண்டாம்'னு சொல்ற கல்லூரி ஒண்ணு பொய் சொல்லுது, இல்லைன்னா பொய் வருகைப் பதிவேடு எழுதுது.

அடுத்தது, 1948-ம் வருஷ பார்மசி சட்டத்தோட 12-வது பிரிவு. அந்தப் பிரிவின்படி பி.சி.ஐ. அங்கீகாரம் இருக்கற படிப்பை முடிச்சாதான் மாநில பார்மசி கவுன்சில்ல பதிவு செய்ய முடியும். பதிவு இல்லைன்னா நீங்க பார்மசிஸ்ட்டே இல்லை. சுவத்துல மாட்ட ஒரு ஃப்ரேம் போட்ட பேப்பர், அவ்வளவுதான். கல்லூரி வாசல்ல 'ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம்'னு பெரிசா போர்டு இருக்கலாம். பார்மசிக்கு அது போதாது. பார்மசி கல்வியில பி.சி.ஐ.-க்குத்தான் அதிகாரம்னு உச்ச நீதிமன்றம் 2020-லயே சொல்லிடுச்சு. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளோட பட்டியல் பி.சி.ஐ. இணையதளத்துல மாநிலவாரியா இருக்கு. கல்லூரிப் பேர் மட்டும் இல்லை, எந்தப் படிப்புக்கு, எந்த வருஷம் வரைக்கும், எத்தனை சீட்டுன்னு பாருங்க. பி.ஃபார்முக்கு அங்கீகாரம் இருந்து டி.ஃபார்முக்கு இல்லாம இருக்கலாம்.

மூணாவது விஷயத்தைப் பார்த்ததும் அவன் முகமே மாறிடுச்சு. டி.ஃபார்ம் முடிச்சவங்க பதிவு செய்யறதுக்கு முன்னாடி ஒரு எக்ஸிட் எக்ஸாம் எழுதணும்னு 2022-ல விதி வந்திருந்தது. மூணு பேப்பர். இங்கிலீஷ்ல. ஒவ்வொண்ணுலயும் 50 சதவிகிதம். அப்போ அது காகிதத்துலதான் இருந்தது. முதல் தேர்வு நடந்தது 2024 அக்டோபர்ல. பரீட்சையை 'பார்த்துக்கலாம்'னு சொன்ன அந்த வெள்ளைச் சட்டைக்காரர், இந்தப் பரீட்சையை எப்படிப் பார்த்திருப்பார்னு தெரியலை!

மறுநாள் காலையில டீக்கடைக்குப் போனோம். ஆள் இல்லை. போன் சுவிட்ச்டு ஆஃப். அந்த 10,000 போனது போனதுதான். மாமாவுக்கு அது பன்னிரண்டு நாள் கூலி. வீட்டுல இன்னிக்கு வரைக்கும் அந்தப் பேச்சை யாரும் எடுக்கறது இல்லை. நானும் அவர்கிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் இங்கே எழுதறேன். "எழுது, நாலு பேராவது தப்பிக்கட்டும்"னார்.

35, 40, 50, 55

கடைசியில சேலம் பக்கத்துல ஒரு கல்லூரி. அங்கீகாரம் சரி பார்த்தோம், ஃபீஸ் எவ்வளவுன்னு ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து எழுதியே வாங்கினோம். (லேப் ஃபீஸ், யூனிஃபார்ம், ரெக்கார்டு நோட்டுன்னு ஒவ்வொண்ணா முளைக்கும், கேட்டு வெச்சுக்கோங்க.) டி.ஃபார்ம் சீட். 287 மார்க்கைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. பயலுக்கு ஒரே சந்தோஷம். "அவ்வளவுதானா மாப்ள? இதுக்கா பயந்தோம்?"னான்.

அவ்வளவுதான் இல்லை. இந்தக் கட்டுரையே இதைச் சொல்றதுக்குத்தான்.

ப்ளஸ் டூ பாஸ் மார்க் என்ன? 35. டி.ஃபார்ம்ல ஒவ்வொரு பாடத்துலயும் 40 வேணும், தியரி தனி, ப்ராக்டிகல் தனி. எக்ஸிட் எக்ஸாம்ல 50. பி.ஃபார்ம் எடுத்தா அங்கே பாஸ் மார்க்கே 50, வருகைப் பதிவு 80 சதவிகிதம். அதுக்கு மேல எம்.ஃபார்ம் படிக்கணும்னா பி.ஃபார்ம்ல மொத்தமா 55 சதவிகிதம் இருக்கணும், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு மட்டும் சலுகை உண்டு. 35, 40, 50, 55... கவனிச்சீங்களா? வாசல்ல யாரும் உங்களைத் தடுக்க மாட்டாங்க. உள்ளே போகப் போகத்தான் படி உயரும். இன்ஜினீயரிங்ல சேர்ந்து அரியர் வெச்சுட்டு அலையற என் ஃப்ரெண்ட்ஸை வெச்சுச் சொல்றேன், குறைஞ்ச மார்க்ல சீட் வாங்கறது ஒரு நாள் வேலை. குறைஞ்ச மார்க்குக்குக் காரணமா இருந்த ஓட்டையை அடைக்கறதுதான் வருஷக்கணக்கான வேலை.

எங்க ஆளோட ஓட்டை, இங்கிலீஷ். பன்னிரண்டு வருஷம் தமிழ் மீடியம். முதல் வருஷம் அஞ்சு பாடம்: பார்மசூட்டிக்ஸ், பார்மசூட்டிகல் கெமிஸ்ட்ரி, பார்மகாக்னசி, உடற்கூறு இயல், சோஷியல் பார்மசி. எல்லாமே இங்கிலீஷ் புத்தகம். முதல் மாசம் அவன் ஒரு பக்கத்தைப் படிக்க ரெண்டு மணி நேரம் ஆச்சாம். மூளை இல்லாம இல்லை. 'திசு'ன்னா தெரியும், 'டிஷ்யூ'ன்னா கை துடைக்கற பேப்பர்னு நினைச்சிருக்கான்! ப்ளஸ் டூ தமிழ்ப் புத்தகத்துல படிச்ச அதே விஷயம்தான் அங்கே இங்கிலீஷ்ல இருக்குன்னு அவனுக்குப் புரியவே மூணு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் பழைய பயாலஜி புத்தகத்தைப் பக்கத்துல திறந்து வெச்சு, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தமிழ்ல எழுதிக்கிட்டான். நானூறு பக்க லாங் சைஸ் நோட்டு, இப்போ அது ஜூனியர் பசங்க கையில சுத்திட்டு இருக்கு.

இருந்தும் முதல் வருஷம் கெமிஸ்ட்ரியில 37. ப்ளஸ் டூவா இருந்தா பாஸ். அங்கே ஃபெயில். அன்னிக்கு ராத்திரி எனக்குப் போன் பண்ணினான். "மாப்ள, நான் பெங்களூருக்கே போயிடறேன்டா"ன்னான். நான் ஒண்ணும் பெரிசா அட்வைஸ் பண்ணலை. எனக்கும் அந்த செமஸ்டர்ல மேத்ஸ் அரியர்! ரெண்டு பேரும் ஒரு வாரம் திட்டிக்கிட்டே படிச்சோம். சப்ளிமென்டரியில அவன் 51. நான் எவ்வளவுன்னு கேட்காதீங்க.

பி.ஃபார்ம் போறவங்களுக்கு ஒரு தகவல். அங்கே முதல் செமஸ்டர்லயே கணக்கு குரூப்ல இருந்து வந்தவங்களுக்கு 'ரெமடியல் பயாலஜி', பயாலஜி குரூப்ல இருந்து வந்தவங்களுக்கு 'ரெமடியல் மேத்ஸ்'னு ஒரு பாடம் உண்டு. விட்டதைப் பிடிக்கத்தான் அந்தப் பாடமே. அதைப் பலர் 'ஓ.பி.' பீரியடா நினைச்சு கேன்டீன்ல கழிக்கறாங்க. மார்க் குறைஞ்சவங்க கழிக்கக் கூடாத ஒரே பீரியட் அதுதான்.

ஒரு 'ஓ.டி.' பண்ற வேலை

'எதுக்கு இவ்வளவு கெடுபிடி? கடையில மாத்திரை எடுத்துக் கொடுக்கறதுக்கா?'ன்னு நானும் ஒரு தடவை நக்கலா கேட்டேன். அவன் கோபப்படலை. ஒரு மாத்திரைச் சீட்டைக் காட்டினான். டாக்டர் சீட்டுல 'ஓ.டி.'ன்னா ஒரு நாளைக்கு ஒரு வேளை. 'பி.டி.' ரெண்டு வேளை. 'டி.டி.எஸ்.' மூணு வேளை. 'ஹெச்.எஸ்.' படுக்கப் போகும்போது. சரி, இது தெரிஞ்சா போதுமே? போதாது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கற மீதோட்ரெக்சேட்னு ஒரு மாத்திரை. வாரத்துக்கு ஒரு தடவைதான் போடணும். அதைத் தினமும் போட்டா உயிரே போகலாம். சீட்டைத் தப்பாப் படிச்சவர் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் சரி, இந்தப் பக்கம் இருந்தாலும் சரி, விளைவு ஒண்ணுதான்.

இதை தருமபுரியில வெச்சுப் பாருங்க. நம்ம மாவட்டத்து நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகம். தாத்தா, பாட்டி பல்லுல மஞ்சளா, காவியா கறை பார்த்திருப்பீங்க. பல்லோட நின்னாப் பரவாயில்லை, வருஷக்கணக்கா குடிச்சவங்களுக்கு எலும்பு, மூட்டு எல்லாம் இறுகிப் போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல வந்து காவிரித் தண்ணி குழாய்ல வர ஆரம்பிச்சது இதுக்காகத்தான். ஆனா பழைய தண்ணி குடிச்ச முழங்கால் பழையபடிதானே வலிக்கும்? அந்த வலியோட அவங்க முதல்ல போற இடம் ஆஸ்பத்திரி இல்லை, முக்கு மெடிக்கல் ஷாப். "வலி மாத்திரை ரெண்டு குடுப்பா"ன்னு கேட்டு வாங்கி, மாசக்கணக்கா முழுங்கறாங்க. வலி மாத்திரை வயித்தைப் புண்ணாக்கும், ரொம்ப நாள் போட்டா கிட்னியையும் பதம் பார்க்கும். 2011 சென்சஸ்படி எழுத்தறிவுல தமிழ்நாட்டிலேயே கடைசி மாவட்டம் நம்மளுது, 68.54 சதவிகிதம். அட்டையில எழுதியிருக்கறதைத் தானே படிச்சுத் தெரிஞ்சுக்க முடியாத பாட்டிக்கு, அதைப் படிச்சுச் சொல்றதுக்கு இருக்கற ஒரே ஆள் கவுன்டருக்குப் பின்னாடி நிக்கறவர்தான்.

சட்டப்படி அங்கே நிக்க வேண்டியது பதிவு பெற்ற பார்மசிஸ்ட். அவர் மேற்பார்வை இல்லாம டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது. 'ஹெச் ஒன்' பட்டியல்ல இருக்கற சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து எல்லாம் கொடுத்தா டாக்டர் பேர், நோயாளி பேர், எத்தனை மாத்திரைன்னு ரெஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும், 2014-ல இருந்து. நிஜத்துல? பல கடையில பார்மசிஸ்ட்டோட சர்ட்டிஃபிகேட் சுவத்துல தொங்கும், ஆள் எங்கேயோ இருப்பார். மாசாமாசம் அதுக்கு ஒரு வாடகை. ஆமாங்க, வீட்டு வாடகை மாதிரி சர்ட்டிஃபிகேட் வாடகை! டி.ஃபார்ம் சேர்ந்த முதல் வாரமே எங்க ஆள்கிட்ட சீனியர் ஒருத்தர் சொன்ன 'கேரியர் கைடன்ஸ்' இதுதான்: "முடிச்சிட்டு சர்ட்டிஃபிகேட்டை வாடகைக்கு விட்டுட்டு வேற வேலைக்குப் போயிடுடா."

இந்த யோசனையை யாராவது உங்ககிட்டேயும் சொல்வாங்க. அந்தக் கடையில தப்பு நடந்தா சட்டம் தேடறது சுவத்துல இருக்கற பேரைத்தான்.

முடிச்சா என்ன கிடைக்கும்?

டி.ஃபார்ம்ங்கறது முட்டுச்சந்து இல்லை. அதை முடிச்சவங்க 'லேட்டரல் என்ட்ரி'யில நேரா பி.ஃபார்ம் மூணாவது செமஸ்டருக்குப் போகலாம், அதாவது ரெண்டாவது வருஷம். ப்ளஸ் டூ மார்க் கம்மியா இருந்தவங்களுக்கு இதுதான் நல்ல ரூட்டுன்னு நான் நினைக்கறேன். நேரா பி.ஃபார்ம் சேர்ந்து முதல் செமஸ்டர்லயே 50-க்குத் திணறறதைவிட, டி.ஃபார்ம்ல 40-ல ஆரம்பிச்சு இங்கிலீஷைப் பழகிக்கிட்டு ஏறலாம். அங்கே போனதும் கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ், கம்ப்யூட்டர்னு ரெண்டு பாடம் கூடுதலா எழுதணும். ஒரு வருஷம் அதிகமாகும், பரவாயில்லை. நடுவுல நிறுத்த வேண்டி வந்தாலும் கையில பதிவு செய்யற தகுதி இருக்கும். பி.ஃபார்ம் பாதியில நின்னா கையில ஒண்ணும் இருக்காது.

அரசு வேலை வேணும்னா மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதான் எம்.ஆர்.பி. 2022-ல 889 பார்மசிஸ்ட் பணியிடத்துக்கு அறிவிப்பு விட்டாங்க. டி.ஃபார்ம் படிச்சவங்களும் எழுதலாம். அதுல தமிழ்த் தகுதித் தாள் ஒண்ணு கட்டாயம், பத்தாம் வகுப்புத் தரம், 40 சதவிகிதம் எடுத்தாத்தான் மத்த பேப்பரையே திருத்துவாங்க. கீழ்ப்பாக்கத்துல செல்லாத தமிழ் இங்கே செல்லும்! இதைச் சொன்னப்போ அவன் சிரிச்ச சிரிப்பைப் பார்க்கணுமே.

சொந்தக் கடைன்னா, 2025 பிப்ரவரி 24-ல தமிழ்நாடு முழுக்க 1,000 'முதல்வர் மருந்தகம்' திறந்தாங்க. பி.ஃபார்ம், டி.ஃபார்ம் முடிச்சவங்க விண்ணப்பிச்சு, 3 லட்ச ரூபாய் மானியத்தோட நடத்தற திட்டம் அது. எந்த மருந்துக் கடை போட்டாலும் குறைஞ்சது 10 சதுர மீட்டர் இடம் வேணும், லைசென்ஸ் வேணும், பதிவு பெற்ற பார்மசிஸ்ட் வேணும். அந்த மூணாவது ஆள் நீங்களேன்னா வாடகைச் சர்ட்டிஃபிகேட் தேட வேண்டாம். மேல படிக்கறவங்களுக்கு ஜிபேட் தேர்வு இருக்கு. அதுல தகுதி பெற்று எம்.ஃபார்ம் சேர்ந்தா மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை.

படிக்கும்போது பணத்துக்கு? ஆறாவதுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பெண்களுக்கு 2022-ல இருந்து 'புதுமைப் பெண்', பசங்களுக்கு 2024 ஆகஸ்ட்ல இருந்து 'தமிழ்ப் புதல்வன்'. மாசம் 1,000 ரூபாய், டிப்ளமோவுக்கும் உண்டு. எங்க ஆளுக்கு முதல் வருஷம் முடிஞ்சப்புறம்தான் அந்தத் திட்டமே வந்தது. வந்த முதல் மாசக் காசுல ஒரு மெடிக்கல் டிக்ஷனரி வாங்கினான். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் இருக்கு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள இருந்தா. சேரும்போதே கல்லூரி ஆபீஸ்ல கேட்டு விண்ணப்பிங்க. 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டா கடைசித் தேதி போயிடும்.

இப்போ அவன் ரெண்டாவது வருஷப் பரீட்சையை முடிச்சுட்டு, 500 மணி நேரப் பயிற்சியில இருக்கான். பகல்ல ஆஸ்பத்திரி மருந்தகத்துல சீட்டு வாங்கறது, ராத்திரி எக்ஸிட் எக்ஸாமுக்குப் படிக்கறது. மாமா இன்னும் பெங்களூர்லதான். கவுன்டர்ல நிக்கற மகனோட போட்டோவை சென்ட்ரிங் செட்டு முழுக்கக் காட்டியாச்சாம்.

போன ஞாயித்துக்கிழமை ஊருக்கு வந்திருந்தான். பாட்டி வழக்கம்போல முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. "உன் மாத்திரை டப்பாவைக் கொண்டா"ன்னான். பழைய பிஸ்கட் டப்பா. அதுல இருந்து ரெண்டு அட்டையை எடுத்துத் திருப்பி, பின்பக்கம் இருந்த பொடி எழுத்தை ஒரே மூச்சுல படிச்சான். எழுத்துக்கூட்டலை. ஒண்ணு பச்சை அட்டை, ஒண்ணு வெள்ளி அட்டை. வேற வேற கம்பெனி, வேற வேற பேரு.

"பாட்டி, ரெண்டையும் சேர்த்தா போட்டுட்டு இருக்க?"

"ஆமாண்டா. பச்சை காலையில, வெள்ளை ராத்திரி. ஒண்ணு பாலக்கோட்டுல வாங்கினது, ஒண்ணு இங்கே முக்குக் கடையில."

"ரெண்டும் ஒரே மருந்து பாட்டி. பேருதான் வேற. டாக்டர் சீட்டு எங்கே?"

சீட்டு எங்கேயும் இல்லை. ரெண்டு அட்டையையும் தனியா எடுத்து வெச்சுட்டு, திங்கக்கிழமை காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதா அத்தைகிட்ட சொன்னான். பாட்டி கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அப்புறம் கேட்டாங்க:

"ஒரே மருந்துன்னா, அந்தப் படுபாவிங்க எதுக்குடா ஒண்ணுக்குப் பன்னண்டு ரூபா, ஒண்ணுக்கு நாப்பது ரூபா வாங்கினானுங்க?"